யார் பெயரால் யார் சமரசம் செய்வது? அமெரிக்கக் குடிமை உரிமை இயக்கமும் தலைமையின் அறமும்

ஏப்ரல், மாலைகளின் மாதம். 14ஆம் நாள் அண்ணல் அம்பேத்கரின் சிலைக்கு முன் எல்லாக் கட்சியினரும் வரிசையில் நிற்கின்றனர். வன்கொடுமை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டோருக்காகக் காவல் நிலையம் வரை சென்று பேசியவர்களும் அந்த வரிசையில் நிற்பதை நாம் பார்த்ததுண்டு. அதே ஏப்ரலின் 4ஆம் நாள், 1968இல், மெம்ஃபிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டத்தில் 1983இல் கையெழுத்திட்டவர் ரொனால்ட் ரீகன். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்தவரும் அவரே. இறந்துபோன தலைவர் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார் என்பதை ஆட்சியாளர்கள் எல்லா நாடுகளிலும் அறிந்திருக்கின்றனர்.

இத்தகைய விழாக்களுக்குப் பிறகு மாணவர் வாசிப்பு வட்டங்களில் ஒரு ஏக்கம் தவறாமல் எழுகிறது: இன்று ஓர் அம்பேத்கர் இல்லையே, ஒரு கிங் இல்லையே, அறம் சார்ந்த தலைமை நமக்கு வாய்க்கவில்லையே. இந்த ஏக்கத்தில் நியாயம் இருக்கிறது. விலைபோன தலைமைகளால் சேரிகள் இழந்தவை கொஞ்சமல்ல. ஆயினும் கறுப்பின மக்களின் போராட்ட வரலாற்றை ஆவணங்களோடு படிக்கும்போது, அங்கு அறம் வானத்திலிருந்து ஒரு மனிதர் மேல் இறங்கியதாகத் தெரியவில்லை. போராட்டத்தின் விலையைச் செலுத்துபவர் யாரோ, முடிவெடுக்கும் உரிமையும் அவருடையது என்னும் ஒழுங்கை மக்கள் தம் தலைவர்கள் மீது விதித்த இடங்களில் தலைமை அறத்தோடு நின்றது. அந்த ஒழுங்கு தளர்ந்தபோது கிங்கும் தடுமாறினார்.

மாண்ட்கோமரியிலிருந்தே தொடங்கலாம். ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் இருக்கையை விட்டெழ மறுத்தார், கிங் தலைமையேற்றார், 381 நாட்கள் புறக்கணிப்பு நடந்தது, நீதி வென்றது என்பதே பாடப்புத்தகங்கள் சொல்லும் கதை. அதற்கு ஓராண்டுக்கும் முன்னரே, 1954 மே மாதத்தில், அலபாமா அரசுக் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், பேருந்துப் புறக்கணிப்பு பற்றிய பேச்சு மக்களிடையே நிலவுவதை நகர மேயருக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தார். பார்க்ஸ் கைதான இரவில் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடிய விடிய அச்சிட்டவரும் அவரே. மதகுருமார்கள் கூடிப் பேசுவதற்குள் துண்டறிக்கைகள் வீடுகளுக்குச் சென்றுவிட்டன. கிங்குக்கு அப்போது வயது 26. ஊருக்குப் புதியவர், யாருக்கும் கடன்படாதவர். அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

டிசம்பர் 5 மாலை ஹோல்ட் தெரு தேவாலயத்தில் மக்கள் கூடினர். புறக்கணிப்பைத் தொடரலாமா என்ற கேள்வி அவர்கள் முன் வைக்கப்பட்டது. அவர்கள் எழுந்து நின்று ஆம் என்றனர். தலைவர்கள் முதலில் முன்வைத்த கோரிக்கைகள் மிக எளியவை: மரியாதையாக நடத்த வேண்டும், முதலில் வருபவருக்கு முதலில் இருக்கை, கறுப்பின மக்கள் மிகுந்த வழித்தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள். இனப்பிரிவினையை முற்றாக நீக்கக் கோரும் வரி அதில் இல்லை. நடந்தே வேலைக்குச் சென்ற சமையல்காரப் பெண்களும் சலவைத் தொழிலாளிகளும் மாதக்கணக்கில் காட்டிய உறுதிதான் கோரிக்கையை மேலே தள்ளியது. 1956 ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. பிப்ரவரி 1 அன்று, இன்னும் முப்பதை எட்டாத வழக்கறிஞர் ஃபிரெட் கிரே, பேருந்துகளில் பிரிவினையே அரசமைப்புக்கு முரணானது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்.

அந்த வழக்கின் பெயர் பிரவுடர் எதிர் கெய்ல். ரோசா பார்க்ஸ் அதில் மனுதாரர் அல்லர். மனுதாரர்களாக நிலைத்தவர்கள் ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்டு, மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின் என்னும் நான்கு பெண்கள். கோல்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, 1955 மார்ச் 2 அன்று, 15 வயதில் இருக்கையை விட்டெழ மறுத்துக் கைதானவர். அவரை முன்னிறுத்திப் போராட அப்போதைய தலைவர்கள் தயங்கினர். சிறுமி, ஏழைக் குடும்பம், தோல் மிகக் கறுப்பு. பின்னர் கருவுற்றதும் சேர்ந்துகொண்டது. ஊர் மதிக்கும் முகம் வேண்டும் என்று காத்திருந்தனர். ஆனால் நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொல்லும் துணிவு தேவைப்பட்டபோது அந்தச் சிறுமியைத்தான் அழைத்தனர். அவர் மீதான இளம்பருவக் குற்றப் பதிவு 2021இல்தான் நீக்கப்பட்டது. போராட உகந்த, குறையற்ற பாதிக்கப்பட்டவரைத் தேடும் பழக்கம் நம் அமைப்புகளிலும் உண்டு. காதல், குடி, கடன் என்று ஏதேனும் ஒன்று வாழ்வில் இருந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் வழக்கு பதாகையில் ஏறுவதில்லை. இது தந்திரம் என்று சொல்லப்படுகிறது. சட்டத்துறையில் இருக்கும் எங்களுக்கு இது பல நேரங்களில் கோழைத்தனமாகவே தெரிகிறது.

1956 நவம்பர் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நால்வரின் வெற்றியை உறுதிசெய்தது. மறுநாள் மக்கள் கூடி, ஆணை நகருக்கு வந்து சேரும்வரை பேருந்தில் ஏறுவதில்லை என்று வாக்களித்தனர். தீர்ப்பு கையில் இருந்தும் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் நடந்தனர். ஆணை டிசம்பர் 20 அன்று வந்தது. தொடங்கியதும் மக்கள் வாக்கு; முடித்ததும் மக்கள் வாக்கு. கிங்கின் பேச்சாற்றலைப் போற்றும் கட்டுரைகள் இந்த இரண்டு வாக்கெடுப்புகளை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மாண்ட்கோமரி மக்கள் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில்தான், அக்டோபர் 14 அன்று, நாக்பூரில் அண்ணல் பௌத்தம் தழுவினார். அவர் மறைந்த டிசம்பர் 6 அன்றும் அந்தப் புறக்கணிப்பு முடிந்திருக்கவில்லை. இரு போராட்டங்களும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. 1946இலேயே அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவையிடம் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படிகளைக் கேட்டிருந்தார். டு போய்ஸும் மறுமொழி எழுதினார். ஆனால் 1959இல் கிங் இந்தியா வந்தபோது அவரை வரவேற்று அழைத்துச் சென்றது காந்தி நினைவு நிதி. அவருக்குக் காட்டப்பட்ட இந்தியா எது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். திருவனந்தபுரத்தில் தீண்டப்படாதோரின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தார். முதலில் அதிர்ந்து, சற்றே சினந்து, பிறகு ஆம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று உணர்ந்ததாக 1965 ஜூலை 4 அன்று ஆற்றிய அருளுரையில் கிங்கே கூறினார்.

நாக்பூரோடு இன்னொரு இழையும் உண்டு. அங்குள்ள ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டிருந்த ஜேம்ஸ் லாசன் என்னும் கறுப்பின இளைஞர், மாண்ட்கோமரிச் செய்தியை அங்குதான் நாளிதழில் படித்தார். நாடு திரும்பியதும் நாஷ்வில் நகரில் கல்லூரி மாணவர்களைத் திரட்டிப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். மாணவர்களுள் சிலர் வெறியர்களாக நடித்து வசைபாடுவர், துப்புவர், நாற்காலியிலிருந்து தள்ளுவர். மற்றவர்கள் திருப்பி அடிக்காமல் இருக்கப் பழகுவர். மாதக்கணக்கில் இப்படிப் பழகிய பிறகே 1960 பிப்ரவரியில் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசைகளில் சென்று அமர்ந்தனர். முடிவுகள் பேசிப் பேசி ஒருமித்த கருத்தில் எடுக்கப்பட்டன. தலைமைப் பொறுப்பு கைமாறியது. அந்த மாணவர்களுள் ஒருவர் டயான் நாஷ். ஏப்ரல் 19 அன்று கறுப்பின வழக்கறிஞர் லூபியின் வீடு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதும், ஆயிரக்கணக்கானோர் நகரமன்றத்துக்கு அமைதியாக நடந்தனர். நிறத்தின் பெயரால் ஒருவரை ஒதுக்குவது சரியா என்று நாஷ் மேயரை நேருக்கு நேர் கேட்டார். சரியல்ல என்று மேயர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மே 10 அன்று மேசைகள் திறந்தன.

அடுத்த ஆண்டு விடுதலைப் பயணப் பேருந்தை அன்னிஸ்டனில் கொளுத்தியபோது, பயணம் நின்றுவிட்டால் வன்முறைதான் வெல்லும் என்று புதிய பயணிகளை அனுப்பியதும் இதே நாஷ்வில் மாணவர்கள்தாம். கொல்லப்படுவார்கள் என்று நீதித்துறை அமைச்சகத்திலிருந்து எச்சரிக்கை வந்தபோது, முந்தைய இரவே உயில் எழுதிவிட்டார்கள் என்று 23 வயது நாஷ் பதில் சொன்னார். எங்களோடு வண்டியில் ஏறுங்கள் என்று மாணவர்கள் கிங்கைக் கேட்டனர். நன்னடத்தைப் பிணையில் இருப்பதாகக் கூறி அவர் மறுத்தார். அதன்பின் சில மாணவர்கள் அவரை ‘ஆண்டவர்’ என்று கிண்டல் செய்தனர். தலைவரைக் கிண்டல் செய்யும் உரிமையும் அவ்வியக்கத்தின் சொத்துதான் என்பது நம் எண்ணம். கிங் அவர்களை வெளியேற்றவில்லை. துரோகிகள் என்று பட்டம் சூட்டவும் இல்லை.

அந்த உரிமைக்கு ஓர் அமைப்பு வடிவம் கொடுத்தவர் எல்லா பேக்கர். 1903இல் பிறந்தவர், கிங்குக்கு முன்பே இருபது ஆண்டுகள் ஊர் ஊராகக் கிளைகள் கட்டியவர். கிங் தலைமையிலான மதகுருமார் அமைப்பின் அலுவலகத்தை நடத்திய அவருக்கு அங்கிருந்த ஆண்கள் உரிய இடம் தரவில்லை. 1960 ஏப்ரலில் ராலே நகரின் ஷா பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கூட்டியபோது, பெரியவர்களின் அமைப்புக்கு இளைஞர் அணியாகிவிடாதீர்கள், தனித்து நில்லுங்கள் என்று வழிகாட்டினார். அப்படிப் பிறந்ததே மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு. மக்கள் வலிமை பெற்றால் வலிமையான தலைவரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது பேக்கரின் உறுதியான கருத்து. கல்லூரி மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கட்சியின் மாணவர் அணியில் சேர்வதும், மாணவர்களின் அமைப்பைக் கட்டுவதும் வேறு வேறு வேலைகள்.

அட்லாண்டிக் சிட்டியில் இரண்டு இருக்கைகள்

இந்த ஒழுங்கின் கடுமையான சோதனை 1964 ஆகஸ்டில் வந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் சேரவே முடியாத நிலை. பருத்தித் தோட்டத்தில் குத்தகை உழைப்பாளியாக இருந்த ஃபேனி லூ ஹேமர், 1962இல் பதிவுசெய்ய முயன்றதற்காகத் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1963 ஜூனில் வினோனா சிறையில், காவலர்களின் உத்தரவின்படி, அவர் அடித்து நொறுக்கப்பட்டார். அந்த உடல்நலக் கேடு வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. 1964 கோடையில் மூன்று தொண்டர்கள் கொல்லப்பட்டு, ஆகஸ்ட் 4 அன்றுதான் அவர்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன.

வெள்ளையர் மட்டுமே கொண்ட மாநில ஜனநாயகக் கட்சிக்கு எதிராக, எல்லோருக்கும் கதவு திறந்த மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியை மக்கள் கட்டினர். அதன் 68 பேராளர்கள், மாநிலத்தின் இருக்கைகள் எங்களுக்கே உரியவை என்று அட்லாண்டிக் சிட்டியில் நடந்த தேசிய மாநாட்டுக்கு வந்தனர். ஆகஸ்ட் 22 அன்று தகுதிக் குழு முன் ஹேமர் சாட்சியம் அளித்தார். அவர் பேசிக்கொண்டிருக்கையில், தொலைக்காட்சியைத் திசைதிருப்பக் குடியரசுத் தலைவர் ஜான்சன் திடீர்ச் செய்தியாளர் சந்திப்பு நடத்தினார். அன்று மாலையே தொலைக்காட்சிகள் சாட்சியத்தை மீண்டும் ஒளிபரப்பின.

பிறகு சமரசத் திட்டம் வந்தது: இரண்டு இருக்கைகள். அந்த இருவரும் மிசிசிப்பியின் பேராளர்களாக அமர முடியாது. பொதுப் பேராளர்களாக அமரலாம். அவர்கள் யார் என்பதையும் மேலிடமே குறித்துவிட்டது. இனி வரும் மாநாடுகளில் நிறப்பாகுபாடு காட்டும் அணிகளுக்கு இடமில்லை என்னும் உறுதிமொழியும் கூடவே வந்தது. தேர்தல் நெருங்குகிறது, எதிர்த்தரப்பில் நிற்பவர் கோல்டுவாட்டர், கிடைத்ததைப் பெறுங்கள் என்று தொழிற்சங்கத் தலைவர்கள் அழுத்தினர். முந்தைய ஆண்டின் வாஷிங்டன் பேரணியைக் கட்டியமைத்த பேயார்ட் ரஸ்டினும் ஏற்கச் சொன்னார். கிங்கின் நிலை வேதனையானது. கறுப்பினத் தலைவராக இதை ஏற்கும்படி சொல்வேன், மிசிசிப்பியில் வாழும் ஒரு கறுப்பராக இருந்தால் எதிர்த்தே வாக்களிப்பேன் என்ற பொருளில் அவர் பேசியதாக அங்கிருந்தோர் பதிவு செய்துள்ளனர்.

அந்தக் கூற்றை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். தலைவரின் நலனும் மக்களின் நலனும் பிரியும் புள்ளியை ஒரு தலைவரே வாய்விட்டுச் சொன்ன அரிய தருணம் அது. பேராளர்கள் வாக்கெடுத்து மறுத்தனர். இத்தனை பேர் இவ்வளவு தூரம் வந்தது இரண்டு இருக்கைகளுக்காக அல்ல என்பதே ஹேமரின் நிலை. ரஸ்டின் தரப்பு வாதத்தை நாம் இகழவில்லை. அரசியலில் பாதி கிடைப்பது சில நேரங்களில் பெரிய வெற்றிதான். 1968 சிகாகோ மாநாட்டில் ஹேமர் பேராளராகவே அமர்ந்தபோது, அந்த உறுதிமொழியும் அதற்கு ஒரு காரணமாக இருந்தது. ஆனால் இரண்டு இருக்கைகளை ஏற்பதா என்று தீர்மானிக்கும் உரிமை, வினோனா சிறையில் அடிவாங்கியவருக்கு இருந்ததா, அடிவாங்காதவருக்கு இருந்ததா? அதுவே அன்றைய வழக்கு.

அதே வழக்கு இங்கு தாசில்தார் அலுவலகத்தில் நடக்கிறது. கோயில் நுழைவு, சுடுகாட்டுப் பாதை, தாக்குதல் என எதுவாயினும், மூன்றாம் நாள் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ கூடுகிறது. இரு தரப்பிலும் ஊர்ப் பெரியவர்கள், கட்சிப் பொறுப்பாளர்கள். பாதிக்கப்பட்ட பெண் வெளியே மரத்தடியில் நிற்கிறார். உள்ளே கையெழுத்தாகும் தாளில் அவர் புகாரைத் திரும்பப் பெறச் சம்மதித்ததாக எழுதப்படுகிறது. ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் அவரே பிறழ் சாட்சியாக அறிவிக்கப்படுகிறார். பழி அவர் மேல் விழுகிறது. உள்ளே பேசியவர் அடுத்த ஏப்ரலில் மாலையோடு நிற்கிறார்.

சட்டம் இதைக் கொஞ்சம் கவனித்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தமாகச் சேர்க்கப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 15அ பிரிவு, பிணை மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கையிலும் பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்பும், தம் தரப்பைச் சொல்லும் உரிமையும் தருகிறது. ஹரிராம் பாம்பி வழக்கில் 2021 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம், இது கட்டாயம் என்று கூறிப் பிணையையே நீக்கியது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன், ராமாவதார் வழக்கில், அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, சமரசத்தின் அடிப்படையில் இச்சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியிருந்தது. சமரசம் எந்த வற்புறுத்தலுமின்றித் தன்விருப்பாக நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. அந்த விருப்பம் யாருடையது என்று விசாரிக்கும் பொறுப்பு நீதிபதிக்கு மட்டும் உரியதன்று. கூடவே வந்த இயக்கத் தோழருக்கும், எங்களைப் போன்ற வழக்கறிஞர்களுக்கும் உரியது. 15அ பிரிவைப் பாதிக்கப்பட்டவருக்குத் தமிழில் படித்துக் காட்ட சட்டக்கல்லூரிப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு மாணவரே அதைச் செய்யலாம்.

புனிதர் வேண்டுமா?

அறத் தலைவர் என்றதும் மாசற்ற மனிதரைத் தேடுவது இன்னொரு பொறி. கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு கிங்கின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டது. விடுதி அறைகளில் ஒலிவாங்கி வைத்தது. 1964 நவம்பரில், தற்கொலைக்குத் தூண்டும் வகையில் பெயரில்லாக் கடிதம் ஒன்றையும் பதிவு நாடாவையும் அனுப்பியது. 1970களில் செனட் விசாரணைக் குழு இதை வெளிக்கொணர்ந்தது. அவருடைய மணவாழ்வு பிறழ்ந்ததும், முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்து சான்றின்றி எடுக்கப்பட்டிருந்ததும் மெய்யே. பின்னதை 1991இல் பாஸ்டன் பல்கலைக்கழகமே ஆராய்ந்து உறுதிப்படுத்தியது. புனிதர் என்று கொண்டாடியவர்களுக்கு இவை இடி. அமைப்பின் உறுதியில் நம்பிக்கை வைத்தவர்களுக்கு இவை கண்டிக்கத்தக்க குறைகள். போராட்டத்தின் முடிவு அல்ல. பெண்களின் முறையீட்டை மட்டும் ‘இயக்க நலன்’ கருதி மூடுவதற்கு இது சாக்கு ஆகாது. மூடிவைக்கப்பட்டதைத்தான் உளவுத்துறை விலைக்கு வைத்துக்கொள்கிறது. அரசியலில் தனிமனித பக்தி வீழ்ச்சிக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் எச்சரித்தது, அவருக்கே மாலை போடும் நமக்கும் சேர்த்துத்தான்.

கிங்கை அறத் தலைவர் என்று நாம் இன்றும் சொல்வதற்குக் காரணம், செல்வாக்கின் உச்சியில் அவர் அதைச் செலவழித்த விதம். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசினார். நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்டும் தலையங்கம் எழுதித் தாக்கின. வெள்ளை மாளிகையின் கதவு மூடியது. மூத்த குடிமை உரிமை அமைப்புகளே விலகி நின்றன. ஏழைகளின் பிள்ளைகள் அங்கு சாகின்றனர் என்பது அவர் வாதம்.

சரியாக ஓராண்டு கழித்து அவர் இறந்தது துப்புரவுத் தொழிலாளர் போராட்டத்தில். மெம்ஃபிஸில் 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்குக் குப்பை வண்டியின் உள்ளே ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் இரு தொழிலாளர்கள் அதன் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி மாண்டனர். நச்சுக்குழிச் சாவுகளை எண்ணி எண்ணிக் களைத்த நமக்கு அந்தச் செய்தியை விளக்க வேண்டியதில்லை. பிப்ரவரி 12 முதல் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். ‘நான் மனிதன்’ என்னும் அட்டையை மார்பில் தாங்கி நடந்தனர். கிங்கை அங்கு அழைத்தவர், நாக்பூரிலிருந்து திரும்பிய அதே லாசன். வேறு பெரும் திட்டத்துக்கான வேலைகள் குவிந்திருக்க, இது நம்மைத் திசைதிருப்பும் என்று உதவியாளர்கள் தடுத்தும் கிங் சென்றார்.

அவர் கொல்லப்பட்ட பிறகும் வேலைநிறுத்தம் தொடர்ந்தது. ஏப்ரல் 16 அன்று, சங்கத்தை அங்கீகரித்து ஊதியத்தை உயர்த்தும் ஒப்பந்தம் தொழிலாளர்கள் முன் வைக்கப்பட்டு, அவர்கள் வாக்களித்து ஏற்ற பிறகே அது முடிந்தது. சில மாதங்களில் நகர நிர்வாகம் சொன்ன சொல்லிலிருந்து நழுவப் பார்த்தது. மீண்டும் வேலைநிறுத்தம் செய்வோம் என்று சங்கம் அறிவித்துத்தான் ஒப்பந்தத்தை நிறைவேற்ற வைத்தது. அப்போது அங்கு கிங் இல்லை.